சாக்கு, சாக்கு

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தர்ஷினி எழுதுவது. இன்றிலிருந்து நம் வீட்டில் நடப்பதை நடந்தபடியே உனக்கு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். நீ வருத்தப்படுவாய் என்று எதையும் விட மாட்டேன். இங்கே மூவரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்கிறாயா?

கன்னடத்தில் எழுதினால் உங்கள் வார்டனுக்குப் படிக்க வராது, அதனால் கடிதத்தைக் கொடுக்க மாட்டார் என்று போனில் சொன்னாய். எனக்குக் கன்னடத்தில்தான் கை வேகமாக ஓடும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாங்கிய சான்றிதழுக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது. பிழை இருந்தால் திருத்தி அனுப்பு.

பெரிய செய்தி அப்பாவுடையது. சென்டரிங் வேலையை விட்டுவிட்டார். பொம்மசந்திராவைத் தாண்டி ஒரு கேளிக்கைப் பூங்காவில் முழுக்க மரத்தாலேயே ரோலர் கோஸ்டர் கட்டுகிறார்கள். அடுத்த சந்து நாகேஷ் மாமா அங்கே ஏற்கெனவே இருக்கிறார், அவர்தான் சேர்த்துவிட்டார். காலை ஆறு மணிக்கு வேன் வருகிறது.

"இரும்புலதானேப்பா பண்ணுவாங்க? மரம் உடையாதா?" என்று கேட்டேன்.

"ஒடையாது, ஆடும். ஆடறதுக்குத்தான் மரம்" என்றார் அப்பா. "இரும்புல போனா வழுக்கிக்கினு போவுமாம். மரத்துல போனா கடகடன்னு எலும்பெல்லாம் ஆடுமாம். ஜனங்களுக்கு அதான் வேணுமாம்."

"அதுக்கு எதுக்கு டிக்கெட்டு? மெஜஸ்டிக் பஸ்ல பின் சீட்டுல குந்தினா போதாதா?" என்றாள் அம்மா. அப்பா வெகுநேரம் சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று என்பதால் எழுதுகிறேன்.

திறப்பு விழாவோடு தச்சர்களின் வேலை முடிந்துவிடும். ஆறு பேரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். தினமும் காலையில் தடம் முழுவதும் நடந்து போல்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் வேலை. அந்த ஆறில் ஒருவராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. உன் படிப்பு முடியும்வரை ஒரே இடத்தில் வேலை இருந்தால் போதும் என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் எழுது.

உன் தங்கை,
தர்ஷினி


ராசிபுரம் அருகில்
20 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். தலைவலியும் இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது. அம்மாவைக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல். உப்பைக் குறைக்கச் சொல்.

உன் கடிதம் சிவப்பு டிக்குடன் வந்தது. இங்கே வார்டன் எல்லாக் கடிதத்தையும் படித்து மூலையில் டிக் போட்ட பிறகுதான் கொடுப்பார். "தங்கச்சி இவ்ளோ நல்லா எழுதறா, நீ ஏன் பயாலஜில கோட்டை விடறே?" என்று கேட்டார். காலை ஐந்து மணிக்கு மணி அடித்தால் இரவு பத்து வரை அதே நாற்காலி. போன வருடம் டாக்டர் சீட் இருபத்திரண்டு மதிப்பெண்ணில் போனது, இந்த வருடம் போகக் கூடாது. இது தவிர என்னிடம் செய்தி இல்லை.

அதனால் நீ எழுது. இங்கே எல்லார் வீட்டிலிருந்தும் 'எல்லாம் நல்லா இருக்கு' என்றே எழுதுகிறார்கள். என் அறைத்தோழிக்கு அவள் மாமா இறந்தது நாற்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. படிப்பு கெடும் என்று மறைத்துவிட்டார்கள். எனக்கு அப்படிச் செய்துவிடாதே.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

தீபிகா


ஸ்ரீராம்புரம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா உப்பைக் குறைத்துவிட்டாள், எங்களுக்கும் சேர்த்து. நீ சுகமா? தேர்வு இருந்ததால் தாமதம், மன்னித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை வேனில் அழைத்துப் போனார். பார்த்ததைச் சொல்கிறேன். தூரத்திலிருந்து அது முடிக்காமல் விட்ட பெரிய கொட்டகைபோல இருக்கிறது. கிட்டப் போனால் எங்கு பார்த்தாலும் குறுக்குக் கட்டைகள். மேலே தடமும் மரம்தான், பலகைமேல் பலகையாக எட்டு அடுக்கு, அதன்மேல் ஒரு இரும்புப் பட்டை. மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். அப்படி ஆகும்போது போல்ட் இளகும். அப்பா ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். இறுக்கமாக இருந்தால் 'ணங்' என்கிறது, இளகியிருந்தால் 'டொக்' என்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

இப்போது சோதனை ஓட்டம் நடக்கிறது. ஆட்களுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பும் பொம்மைகளை உட்காரவைக்க வேண்டுமாம். அவை துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டன. அதனால் ஒரு இருக்கைக்கு இரண்டு மணல் சாக்கு. தச்சர்களே ஏற்றுகிறார்கள். பிளாட்பாரத்தில் ஒரு பட்டன் உண்டு. ஏற்றி முடித்தவர் அதை அழுத்தினால்தான் வண்டி கிளம்ப வேண்டும். அதற்கு இன்னும் ஒயர் இழுக்கவில்லை. அதனால் அப்பா கடைசிப் பெட்டியருகே நின்று கத்துகிறார், கண்ணாடி அறையில் இருக்கும் ஷில்பா அக்கா வண்டியை விடுகிறார்.

ஷில்பா அக்காவுக்குச் சொந்த ஊர் ஆனேக்கல். டிப்ளமோ முடித்ததும் இதுதான் முதல் வேலை. என்னைச் சின்னக் குழந்தைபோலப் 'புட்டி' என்று கூப்பிட்டுத் தன் டப்பாவிலிருந்து சித்ரான்னம் கொடுத்தார். தமிழ் கொஞ்சம் புரியும். அவருடைய அறையிலிருந்து கடைசிப் பெட்டி தெரியாது, நடுவில் ஒரு தூண் மறைக்கிறது.

அங்கே ஒரு வேடிக்கை. கன்னடத்தில் 'ஸாகு' என்றால் போதும் என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா. அப்பா கத்தும் சொல் அதுதான். ஏற்றியது போதும், வண்டியை விடு என்று பொருள். நாகேஷ் மாமா அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார். சாக்கைத் தூக்கிப் போடும்போதெல்லாம், "சாக்கு ஹாகு, சாக்கு ஹாகு, ஸாகூ!" என்று இழுக்கிறார்; சாக்கைப் போடு, போட்டது போதும் என்று அர்த்தம்.

"தமிழ்ல சாக்குன்னா மூட்டே, ஹௌதா?" என்று ஷில்பா அக்கா கேட்டார்.

"ஆமா மேடம். உங்களுக்குப் போதும், எங்களுக்கு மூட்டை. போதும் போதும்னு சொன்னாலும் மூட்டை வந்துகினேகீது பாருங்க, அதான் எங்க பொழப்பு" என்றார் நாகேஷ் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மின்விசிறிக்கு நேராகப் படுக்காதே.

தர்ஷினி


ராசிபுரம் அருகில்
5 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். நேரமில்லை, அதனால் இந்தக் கால் பக்கம். உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். எங்கள் ஐந்து பேருக்கும் இப்போது 'ஸாகு' தெரியும். மெஸ்ஸில் உப்புமா வைக்க வருகிறவரிடம் 'ஸாகு, ஸாகு' என்கிறோம். அவர் விழிக்கிறார்.

திருத்தம் ஒன்று: 'முடிக்காமல் விட்ட பெரிய கொட்டகை' நன்றாக இருந்தது. திருத்த ஒன்றுமில்லை என்பதுதான் திருத்தம்.

தீபிகா


ஸ்ரீராம்புரம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் நாங்கள் மூவரும் உடம்பால் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. "அக்காவுக்கு ஒண்ணும் எய்தாத, படிக்கிற பொண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். நீ அப்படிச் செய்யாதே என்று எழுதியிருந்தாய். நான் உன் பேச்சைக் கேட்கிறேன்.

வியாழக்கிழமை நாகேஷ் மாமாவுக்கு அடிபட்டது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்பா வெள்ளிக்கிழமை காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். சட்டையெல்லாம் மணல். அம்மாவிடம் சொன்னதை ஒரே அறை என்பதால் நானும் கேட்டேன். நடந்தது இது. ஒரு சாக்கு கிழிந்து, கடைசிப் பெட்டிக்குக் கீழே தடத்தில் மணல் கொட்டியது. அதைத் துடைக்க நாகேஷ் மாமா தடத்தை ஒட்டிய குழிக்குள் இறங்கிக் குனிந்திருந்தார். அப்போது மேல் இருக்கையில் இருந்த இன்னொரு சாக்கு சாய்ந்து, அவர் முதுகில் விழப் போனது. அப்பா அதைப் பார்த்துவிட்டு அவரை எச்சரிக்கக் கத்தினார்.

"இன்னான்னு கத்துன?" என்று அம்மா கேட்டாள்.

"வேற இன்னான்னு? சாக்கு வுழுதேன்னு... சாக்கு, சாக்குன்னு கத்துனேன்."

ஷில்பா அக்காவுக்கு 'ஸாகு, ஸாகு' என்று கேட்டது. தினமும் கேட்கும் அதே குரல், அதே இடம். வண்டியை விட்டுவிட்டார்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "முப்பது வருசமா கன்னடம் பேசறேன். கனவுகூட கன்னடத்துல வருது. அந்த நேரத்துல தமிழ் வந்துச்சு" என்றார். பிறகு, "சாக்கு வுழுந்திருந்தா முதுகு வலிச்சிருக்கும். அவ்ளோதான்" என்றார்.

பாதுகாப்பு மேலாளர் சீனிவாசராகவன் என்பவர் விசாரிக்கிறார். திங்கட்கிழமைக்குள் அப்பா எழுத்தில் கொடுக்க வேண்டும். உனக்குத் தெரியவேண்டும் என்று எழுதினேன். படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தர்ஷினி


ராசிபுரம் அருகில்
29 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீ எழுதியது சரி, அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

முட்டிக்குக் கீழே என்பது கொஞ்சம் நல்ல செய்தி. முட்டி இருந்தால் செயற்கைக் கால் வைத்து நன்றாக நடக்கலாம். நாகேஷ் மாமாவிடம் இதைச் சொல். காயம் ஆறியதும் முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சியை விடக் கூடாது என்றும் சொல்.

மற்றதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். அப்பா மேல் தப்பில்லை, ஷில்பா மேலும் தப்பில்லை. பட்டனுக்கு ஒயர் இழுக்காமல் வண்டியை ஓட்டச் சொன்னவர்கள் மேல்தான் தப்பு. அப்பா கத்தியது எந்தச் சொல், அது எப்படிக் கேட்டது என்பதை அப்படியே எழுதிக் கொடுத்தால் யாருக்கும் புரியும். திங்கட்கிழமை தாண்டிவிட்டது; அவர் கையெழுத்து கோணல், நீதான் எழுதிக் கொடுத்திருப்பாய். என்ன எழுதினாய் என்பதை எனக்கும் எழுது. அப்பா தூங்குகிறாரா?

தீபிகா


ஸ்ரீராம்புரம்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. தீபாவளிக்கு நீ இல்லாததால் அம்மா அதிரசம் செய்யவில்லை, கடையில் வாங்கினோம். மழை விடவில்லை. நம் சந்தில் தண்ணீர் இரண்டாவது படிவரை வந்தது, புத்தகங்களைப் பரணில் வைத்தேன். நூலகத்தில் புதிதாக ஒரு கலைக்களஞ்சியம் வந்திருக்கிறது. மரங்களைப் பற்றி அதில் பதினான்கு பக்கம். பைன் மரம் வெட்டிய பிறகும் வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்குமாம். கணக்கில் எனக்கு எண்பத்தொன்று. கன்னடத்தில் தொண்ணூற்றாறு.

அப்பாவை நிரந்தரமாக்கிவிட்டார்கள். தடம் பார்க்கும் ஆறு பேரில் அவர் ஒருவர். நீல நிறச் சீருடை. திறப்பு விழா ஜனவரி இருபத்தாறு. பட்டனுக்கு இப்போது ஒயர் இழுத்துவிட்டார்கள், ஒரே நாளில் முடிந்ததாம். தண்ணீர் பொம்மைகளும் வந்துவிட்டன. நாகேஷ் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். நீ சொன்ன பயிற்சியைச் சொன்னேன், செய்கிறார். ஷில்பா அக்கா இப்போது வேலைக்கு வருவதில்லை.

இந்தக் கடிதத்தை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். வெந்நீர் குடி, ஊரெல்லாம் காய்ச்சல்.

தர்ஷினி


ராசிபுரம் அருகில்
30 நவம்பர் 2024

தங்கைக்கு,

நலம். இரண்டு பக்கத்தையும் படித்தேன். பைன் மரம் சுருங்குவது தெரிந்தது. உன் கணக்கு மதிப்பெண் தெரிந்தது. நான் கேட்டது மட்டும் இல்லை. அப்பா தூங்குகிறாரா என்றும் கேட்டிருந்தேன், அதற்கும் பதில் இல்லை.

ஷில்பா ஏன் வேலைக்கு வருவதில்லை? உனக்குச் சித்ரான்னம் கொடுத்தவளை ஒரே வரியில் முடித்திருக்கிறாய். நீ அப்படி எழுதுகிறவள் இல்லை. அந்தத் தாளில் என்ன எழுதினாய், தர்ஷினி?

அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

தீபிகா


ஸ்ரீராம்புரம்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. அப்பா தூங்குவதில்லை. நான் சுகம் என்று எழுத வரவில்லை.

முதலில் நடந்தபடியே எழுதினேன். 'நான் சாக்கு, சாக்கு என்று தமிழில் கத்தினேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஒயர் இழுக்காத பட்டனைப் பற்றியும் எழுதினேன், நீ சொல்வதற்கு முன்பே. அப்பா அதை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அதே தாளோடும் ஒரு வெற்றுப் படிவத்தோடும் திரும்பி வந்தார். சீனிவாசராகவன் சார் திட்டவில்லையாம். டீ வாங்கிக் கொடுத்தாராம்.

"நாராயணசாமி, வண்டியை நிறுத்தறதுக்கு நாம டிரெயினிங்ல சொல்லிக் குடுத்த வார்த்தை 'ஸ்டாப்'. நீங்க அதைத்தானே சொல்லியிருப்பீங்க? பதட்டத்துல மறந்திருக்கும். வீட்ல போய் நிதானமா யோசிச்சு எழுதிண்டு வாங்கோ" என்றாராம். எழுந்து போகும்போது அந்த ஆறு பேர் பட்டியலைப் பற்றியும் சொன்னாராம்.

அப்பா படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"ஸ்டாப்னு எய்தும்மா."

"நீ சாக்குன்னுதானேப்பா சொன்ன?"

"நானு இன்னா சொன்னேன்னு நாகேசுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாகேசு ஒண்ணும் பேசல. நீ எய்து."

"அப்போ ஷில்பா அக்கா?"

அம்மாதான் சொன்னாள். "அது படிச்ச பொண்ணு. நாளைக்கே வேற எடத்துல வேல கெடைக்கும். உங்கப்பனுக்கு யாரு குடுப்பா?"

எழுதினேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று படிவத்தில் அச்சடித்திருந்தது, அதனால் மெதுவாக எழுதினேன். என் கையெழுத்திலேயே மிக நல்ல கையெழுத்து அது. 'ஸ்டாப் என்று இரண்டு முறை உரக்கக் கத்தினேன்.' அப்பா கீழே கையெழுத்துப் போட்டார். ஸ்டாப் என்ற பிறகும் வண்டியை விட்டதாகச் சொல்லி, நான்கு நாள் கழித்து ஷில்பா அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பிறகு நாகேஷ் மாமாவைப் பார்க்கப் போனபோது அவரே சொன்னார்: "எனக்கும் ஸ்டாப்புன்னுதான் கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன் பாப்பா. ஒரு வூடாவது நிக்கட்டும்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து வரவே இல்லை.

போன கடிதத்தில் இதை விட்டதற்குக் காரணம் உன் படிப்பு இல்லை. எனக்கு எழுத வெட்கமாக இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

குளிருக்குப் போர்வை போதுமா?

தர்ஷினி


ராசிபுரம் அருகில்
4 ஜனவரி 2025

தங்கைக்கு,

நலம். போர்வை போதும்.

உன் கடிதத்தையும் வார்டன் படித்து டிக் போட்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நூற்றெழுபது பேர் கடிதங்களைப் படிக்கிறவருக்கு இது பெரிதில்லைபோல.

பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். அவற்றில் இருந்தது வேறு. கடைசியாகச் சொல்வது இதுதான்: ஒன்றும் செய்யாதே. மே மாதம் பரீட்சை. அதுவரை அப்பாவுக்கு அந்த வேலை இருக்க வேண்டும். ஷில்பாவுக்கு டிப்ளமோ இருக்கிறது. நாகேஷ் மாமாவே அப்படிச் சொல்லிவிட்டார். இனி நீ சொல்லிக் கால் முளைக்காது.

பரீட்சையைச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். இதைப் பற்றி இனி எழுதாதே. படித்தால் இரண்டு நாள் போய்விடுகிறது. திறப்பு விழாவைப் பற்றி எழுது, கூட்டம் எப்படி, யார் வந்தார்கள், அந்த மாதிரி.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபிகா


ஸ்ரீராம்புரம்
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். திறப்பு விழாவைப் பற்றி எழுதச் சொன்னாய். நேற்று அது நடந்தது, எழுதுகிறேன்.

ஊழியர் குடும்பங்களுக்கு இலவசப் பாஸ். அம்மா கால் வலி என்று வரவில்லை. நான் மத்தியானமே போனேன். விடுமுறை என்பதால் நல்ல கூட்டம், வரிசை இரண்டு மணி நேரம். காலையில் அப்பா தடம் முழுவதும் நடந்து முடித்த பிறகு, பெட்டிகளுக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்தார்களாம். கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இப்போது இரும்பு வேலி இருக்கிறது, யாரும் குழிக்குள் இறங்க முடியாது. பிளாட்பாரத்தில் நிற்பவர் கட்டைவிரலை உயர்த்திப் பட்டனை அழுத்துகிறார். யாரும் கத்துவதில்லை.

நானும் ஏறினேன். மூன்றாவது பெட்டி. ஏறும்போது சங்கிலி இழுக்கும் சத்தம். உச்சியில் ஒரு வினாடி ஒன்றுமே இல்லை, தூரத்தில் ஓசூர் ரோடு லாரிகள் மட்டும் தெரிந்தன. பிறகு விழுந்தோம். அப்பா சொன்னது உண்மை, எலும்பெல்லாம் ஆடுகிறது. எல்லாரும் அவரவர் மொழியில் கத்தினார்கள். யார் என்ன கத்துகிறார்கள் என்று கேட்க முயன்றேன். ஒரு சொல்லும் புரியவில்லை.

இறங்கி வெளியே வரும் வழியில் ஷில்பா அக்கா நின்றிருந்தார். டிக்கெட் வாங்கி வந்திருந்தார், ஆனால் ஏறவில்லை. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "புட்டி, சன்னாகிதியா?" என்றார். நன்றாக இருக்கிறாயா என்று என்னைத்தான் முதலில் கேட்டார்.

பிறகு கன்னடத்தில் சொன்னார்: "இரண்டு இடத்தில் காது டெஸ்ட் செய்துகொண்டேன். இரண்டு இடத்திலும் குறையே இல்லை என்கிறார்கள். உன் அப்பா ஸ்டாப் என்றார், நாகேஷும் ஸ்டாப் என்றுதான் காதில் விழுந்தது என்றார். எனக்கு மட்டும் எப்படி ஸாகு என்று கேட்டது? இப்போது வீட்டில் அம்மா கூப்பிட்டால்கூட இரண்டு முறை என்ன என்று கேட்கிறேன். புது வேலை கிடைத்தது, பன்னிரண்டு நாளில் விட்டுவிட்டேன். பட்டன் மேல் கை வைக்க முடியவில்லை."

நீ ஒன்றும் செய்யாதே என்று எழுதியிருந்தாய். எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "அப்பா சாக்கு என்றுதான் சொன்னார் அக்கா. மூட்டை விழுகிறது என்று தமிழில் சொன்னார். ஸ்டாப் என்று எழுதியது நான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு முறை சொல்" என்றார். சொன்னேன். வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மூடும் நேரம்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்; அப்போது அப்பா ஸ்பேனரோடு கீழே வந்தார். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஷில்பா அக்கா அவரிடம் நேரே போனார். அப்பாவுக்காகத் தமிழில் பேசினார்.

"அண்ணா, நான் கேஸ் ஹாக்கல்ல, போட மாட்டேன். இந்த வேலையும் பேடா, வேண்டாம். என் காது சரியா, இல்லையா? அது மட்டும் ஹேளி, சொல்லுங்க."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். சீனிவாசராகவன் சார் தூரத்தில் விருந்தினர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார். அப்பா குரலைத் தாழ்த்தி, "உன் காதுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார்.

ஷில்பா அக்கா முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு கையை எடுத்துவிட்டு, "அதை எழுதிக் கொடுப்பீங்களா? ஒரே லைன். யாருக்கும் காட்ட மாட்டேன். எனக்கு மட்டும், நானே படிச்சுக்கறதுக்கு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

நீ கேட்ட கூட்டம், முதல் நாள் நாலாயிரம் பேர் என்று சொன்னார்கள். நாகேஷ் மாமா வரவில்லை, அழைப்பு போயிருந்தது. நன்றாகப் படி. தலைவலிக்கு மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

உன் தங்கை,
தர்ஷினி

பி.கு. அப்பா என்னைப் பார்த்தார் என்று எழுதி நிறுத்திவிட்டேன். விழாவைக் குறித்துக்கொள்வதற்காக என் பையில் பேனாவும் நோட்டும் இருந்தன. அப்பாவுக்கும் அது தெரியும். நான் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஷில்பா அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். வேன் டிரைவர் ஹார்ன் அடித்தார். எட்டு மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.